காலிக் கட்டம் இல்லாத வருஷம்

அய்யாத்துரை அண்ணனை தையல் மெஷினிலிருந்து எழுப்பிவிடுவது என்று பட்டறை முதலாளி ஷாகுல் ஹமீது பாய் முடிவு செய்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. அஸ்ரின் வழக்கம்போல லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி வந்தாள். அந்தப் பையும் எங்கள் பட்டறைப் பைதான். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிப் போட்டதை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தாராவியில் எங்கள் பட்டறை ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிறது. ஆபீஸ் போகிறவர்கள் மாட்டுகிற தோல் பை தைக்கிறோம். பெங்களூரில் ஒரு கம்பெனி அதை வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்கிறது. ஆறு மெஷின், என்னையும் சேர்த்து ஆறு தையல்காரர்கள். அவரவர் மெஷினில் அவரவர்தான் உட்கார வேண்டும். ஆள் பட்டறையில் இருக்கும்போது அவர் மெஷினை இன்னொருவர் தொட்டால் சண்டை வரும்.

ஒவ்வொரு பைக்கும் ஒரு நம்பர் டேக் உண்டு. பாதி பைக்குள் போய்விடும். மீதிப் பாதியில் தைத்தவர் பெயரை எழுதி, மெஷின் பக்கத்தில் தொங்குகிற கம்பியில் குத்தி வைப்போம். வாரக் கூலி அந்தக் கம்பியைப் பார்த்துத்தான்.

அஸ்ரின் பாயின் தங்கை மகள். வீடு செம்பூரில். குர்லாவில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. நாடு முழுக்கப் போகிற பார்சல்களின் கணக்கை ஒரு பக்கத்துக்குள் சுருக்கி மேலதிகாரிகளுக்குக் கொடுப்பதுதான் வேலை என்று ஒருமுறை சொன்னாள். ஞாயிறுதோறும் வந்து எங்கள் கம்பி டேக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் டேக்கை நான் வாசிக்க, அவள் தட்டுவாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். மும்பைக்கு வந்த பிறகு, நான் தமிழ் வாசிக்க அவ்வளவு கவனமாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

அன்று டேக்கை எடுக்க விடவில்லை பாய்.

"அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். பெங்களூர்க்காரன் ஒரு ஃபைல் அனுப்பியிருக்கான், அதத் தொற மொதல்ல."

பெரும்பாலும் கைப்பிடி பிய்ந்து கடைகளிலிருந்து திரும்பி வந்த பைகளின் பட்டியல் அது. யார் கையில் தப்பு என்று கண்டுபிடித்து அந்த ஆளை மாற்று, திங்கட்கிழமைக்குள் பதில் சொல், இல்லையென்றால் அடுத்த சீசன் ஆர்டர் வேறு பட்டறைக்கு என்று கம்பெனிக்காரன் போனில் சொல்லிவிட்டான். அந்தப் பட்டியலில் சில நம்பர்களைப் பாயே கம்பியில் தேடிப் பார்த்திருந்தார். எல்லாம் அய்யாத்துரை அண்ணன் பெயர்.

"ஒட்டுற மேசைக்கு மாறிக்கிடும்வே. கூலி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். நான் பாத்துக்கிடுதேன்" என்று முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தார்.

கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். தாராவியில் ஒரு தையல்காரரைத் தோலுக்குப் பசை தடவி ஒட்டுகிற மேசைக்கு மாற்றினால், சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பட்டறையிலும் அவரை மெஷினில் உட்கார வைக்க மாட்டார்கள். அண்ணன் பதில் பேசவில்லை. ஞாயிறு அரைநாள் வேலைக்கு வந்து, கடைசியாக ஒருமுறை தைக்கிறவர் மாதிரி தைத்துக்கொண்டிருந்தார்.

அஸ்ரின் கம்பெனி அனுப்பிய பட்டியலைத் திறந்தாள். பக்கத்திலேயே எங்கள் டேக் கணக்கையும் திறந்தாள். போன வருஷம் முழுக்க நான் வாசிக்க அவள் ஏற்றியது. பத்தாயிரத்துக்கு மேல் வரிசைகள். அவள் உருட்ட உருட்ட, ரயிலிலிருந்து பார்க்கும்போது தண்டவாளத்து ஜல்லிக் கல் ஓடுவதுபோல் நம்பர்கள் ஓடின. டேக் நம்பரை வைத்து இரண்டையும் இணைத்தாள். எந்தப் பை எந்தத் தப்புக்காகத் திரும்பியது என்பது அந்தந்தப் பைக்கு நேரே வந்து நின்றது.

"இதுல எப்படிம்மா ஆளக் கண்டுபிடிப்ப? உக்காந்து எண்ணுவியா?" என்று கேட்டேன்.

"எண்ணுறதா? அரே, எண்ணுனா நான் கிழவியாயிருவேன் அண்ணே."

எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து எதையோ அழுத்தினாள். புதுப் பக்கம் ஒன்று வெறுமையாகத் திறந்தது. ஓரத்தில் எங்கள் தலைப்புகள் மட்டும் இருந்தன. டேக், பெயர், தேதி, தப்பு. 'பெயர்' என்பதை இழுத்து ஒரு பெட்டியில் விட்டாள். 'டேக்' என்பதை இன்னொரு பெட்டியில் விட்டாள். அவ்வளவுதான். பத்தாயிரம் வரிசையும் ஆறு வரிசையாகிவிட்டது. கல்யாண வீட்டில் இஷ்டத்துக்கு நின்று பேசிக்கொண்டிருந்த கூட்டத்தை, ஒரு ஆள் வந்து ஒரே சொல்லில் பந்தியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

"இதுக்குப் பேரு என்ன?"

"பிவட் டேபிள். நாம கேள்வி கேக்கணும், அது திரும்பி நிக்கும். வேற கேள்வி கேட்டா வேற பக்கம் திரும்பும். உள்ள இருக்க கணக்கு மாறாது."

திரும்பி வந்த பைகளை மட்டும் எடுத்துப் பார்த்தாள். ஐந்து பேருக்கு நேரே ஒன்றிரண்டு. அய்யாத்துரை என்ற பெயருக்கு நேரே மட்டும் பெரிய எண்.

"பாத்தியா? நான் சொன்னேம்லா?" என்றார் பாய்.

"மாமா, இவரு மத்தவங்களவிட ஜாஸ்தி தைக்கிறாரே. ஜாஸ்தி தச்சா ஜாஸ்தி திரும்பத்தான செய்யும்?"

எண்களைச் சதவீதமாக மாற்றினாள். அப்போதும் அண்ணன்தான் மேலே.

மெஷின் சத்தம் ஒன்று குறைந்தது. அய்யாத்துரை அண்ணன் நிறுத்திவிட்டார். ஸ்டூலில் நான்காக மடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்து உதறினார். அந்தத் துண்டுதான் அவருக்கு மெத்தை.

நூல் பிசிறு வெட்டுகிற மாடத்தி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் பொட்டி சொல்லுதுன்னு ஆள எந்திரிக்கச் சொல்லுவியளோ? அந்த மனுசன் தச்ச பைல கல்ல அள்ளிப் போட்டாக்கூட பிய்யாது பாய்."

"கம்பெனிக்காரன்கிட்ட நீயே போன்ல சொல்லுதியா?"

"போனக் குடுங்க, சொல்லுதேன். நானா பயப்படுவேன்?"

"விடு மாடத்தி" என்றார் அய்யாத்துரை அண்ணன். அவர் அன்று பேசிய முதல் வார்த்தை.

அஸ்ரின் இதில் எதையும் கவனிக்கவில்லை. அவள் கண் திரையில் இருந்தது. இதுதான் அவளிடம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். கேட்டது கிடைத்துவிட்டால் நானாக இருந்தால் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அவள் இன்னொரு தரம் இழுத்தாள். இப்போது ஆட்கள் கீழே கீழே, வாரங்கள் பக்கவாட்டில். எந்த வாரத்திலிருந்து தப்பு தொடங்கியது என்று பார்த்தாள்.

"ஜூன் வரைக்கும் இவரு பேருல ஒண்ணுகூட இல்ல மாமா. மழை ஆரம்பிச்ச வாரத்துல இருந்துதான். அதுக்கப்புறம் ஒரு வாரமும் விடாம வருது."

"வயசாவுதுலா. கண்ணு கொறைஞ்சிருக்கும்."

"கண்ணு ஒரே வாரத்துலயா கொறையும்?" என்றவள், திரும்பிய பைகள் என்ற கட்டுப்பாட்டை நீக்கினாள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் மொத்தம் எத்தனை தைத்தார்கள் என்பது தெரிந்தது. ஆறு வரிசை, வருஷத்தின் எல்லா வாரமும். அதை இடமிருந்து வலமாக உருட்டினாள். திரும்ப வலமிருந்து இடமாக உருட்டினாள். நெற்றி சுருங்கியது.

"மாமா, உங்க பட்டறையில ஒருத்தரும் லீவே போடுறதில்லையா?"

பாய் சிரித்துவிட்டார். "லீவா? நல்லாக் கேட்ட போ. ஆடி வந்தா அய்யாத்துரை கோயில் கொடைக்குன்னு கெளம்பிருவாரு. டிசம்பர்ல எட்வினு. ரம்ஜானுக்கு நசீரு. எவன் இருக்கான் இங்க?"

"அப்ப இது தப்பு. எங்க ஆபீஸ்ல ஆளு வராத வாரம் கட்டம் காலியா இருக்கும். அத வச்சுத்தான் கணக்கு சரியா ஏறியிருக்கான்னு பாப்பேன். இங்க ஒரு காலிக் கட்டம்கூட இல்ல." அவள் முகம் விழுந்துவிட்டது. "நான்தான் எங்கயோ தப்பா ஏத்திட்டேன். முழுசும் மறுபடி ஏத்தணும் மாமா. இத நம்பி யாரையும் எதுவும் சொல்லாதீங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சரியாத்தான வாசிச்சீங்க?"

"எழுதியிருந்ததத்தான்மா வாசிச்சேன்."

இப்போது எல்லா மெஷினும் நின்றிருந்தது. கீழே மாவு மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் பாயைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவன் ஊருக்குப் போனால் அந்த வாரம் கையில் ஒன்றும் வராது. அதனால் ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர்கள், தங்கள் பங்கை முடித்த பிறகு, ஆளுக்குக் கொஞ்ச நேரம் அவர் மெஷினில் உட்கார்ந்து அவர் பெயரில் தைப்போம். டேக்கில் அவர் பெயரைத்தான் எழுதுவோம். யார் எப்போது தொடங்கினார்கள் என்று தெரியாது. நான் வருவதற்கு முன்பே இருந்தது. கொடைக்குப் போகிறவருக்குக் கொடை இல்லாதவர்கள் தைத்தார்கள். கிறிஸ்மஸ் இல்லாதவர்கள் கிறிஸ்மஸுக்குத் தைத்தார்கள். நோன்பில்லாதவர்கள் பெருநாளுக்குத் தைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் திருவிழா வராதது எங்களுக்கு எவ்வளவு வசதி என்று நசீர் சொல்லிச் சிரிப்பான்.

அய்யாத்துரை அண்ணன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஆடியில் அந்த மெஷினில் உட்கார்ந்தது தான் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் பட்டறையே மாட்டிக்கொள்ளும். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பசை மேசைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

எட்வின் எழுந்தான். நாசரேத்துப் பக்கத்துப் பையன், எதற்கும் முன்னே வந்து நிற்காதவன்.

"அஸ்ரின், டிசம்பர் கடேசி வாரம் என் பேருல இருக்கே, அதுல எத்தன திரும்பி வந்துச்சுன்னு பாரு."

அவள் பார்த்தாள். "ஒண்ணுகூட இல்ல."

"அது நான் தச்சதில்ல. நான் அப்ப ஊர்ல கேக்கு தின்னுட்டிருந்தேன். என் மெஷின்ல உக்காந்து தச்சது முக்காவாசி அண்ணன்தான்."

"போட்டு ஒடச்சிட்டியாலே" என்றாள் மாடத்தி அக்கா. ஆனால் குரலில் கோபமில்லை.

பாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அஸ்ரினுக்கு ஆகவில்லை. "இருங்க, இருங்க" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப இவரு ஊருக்குப் போனப்ப?"

"ஆடியில ரெண்டாவது, மூணாவது வாரம்" என்றேன். "இவரு பேருல நாங்க எல்லாரும் தச்சோம். இவரு மெஷின்ல."

அந்த வாரங்களில் ஒன்றின் கட்டத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். அந்த ஒரு எண்ணுக்குள்ளிருந்து புதுப் பக்கமே திறந்துகொண்டது. அதற்குள் ஒடுங்கியிருந்த பைகள் எல்லாம் நம்பரோடும் தேதியோடும் வரிசையாக வந்து நின்றன. ஒரு எண்ணைத் தட்டினால் அதற்குள் இருக்கிற ஆட்கள் எழுந்து வருவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரும்பி வந்தவற்றைப் பார்த்தாள். கைப்பிடி, கைப்பிடி, கைப்பிடி. மற்ற வாரங்களில் எப்படியோ அப்படியே.

"மாமா, இங்க பாருங்க. இவரு இல்லாதப்பவும் இவரு மெஷின்ல அதே தப்பு. இவரு வேற மெஷின்ல உக்காந்தா தப்பே இல்ல. ஆளு மாறியும் தப்பு மாறல. மெஷினு மாறுனா மாறுது." மூச்சு விட்டாள். "இவங்க பேர மாத்தி எழுதலன்னா இது தெரிஞ்சே இருக்காது. ஒரு மெஷினுக்கு ஒரே ஆளுன்னு இருந்தா, தப்பு ஆளோடதா மெஷினோடதான்னு எந்த டேபிளாலயும் பிரிக்க முடியாது."

பாய் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. முகம் சிவந்திருந்தது.

"என் பட்டறையில, எனக்குத் தெரியாம, இத்தன வருசமா நாடகமா போட்டிய? ஆளு ஊர்ல இருக்கான், இங்க அவன் பேருல துட்டு வாங்கியிருக்கிய!"

"பை வந்துச்சா இல்லியா?" என்றாள் மாடத்தி அக்கா. "வந்த பைக்குத்தான துட்டுக் குடுத்திய? ஒரு பை கொறைஞ்சிருக்கா? நசீரு பெருநாளுக்குப் போவையில அவன் பேருல தச்சது யாருன்னு நெனைக்கிய? இந்தா நிக்காரே, இவருதான். அன்னிக்கு நீங்க பிரியாணி குடுத்து விட்டிய, அதத் தின்னுட்டுத்தான் தச்சாரு."

பாய் நேராக அய்யாத்துரை அண்ணன் மெஷினுக்குப் போனார். கழித்துப்போட்ட தோலில் நாலு துண்டை எடுத்து அடுக்கினார். துண்டு போடாத ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரும் ஒரு காலத்தில் தையல்காரர்தான். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு மெஷினோடு தொடங்கியவர் என்று சொல்வார்கள். நான் அவர் தைத்துப் பார்த்ததில்லை. முதுகு தானாக வளைந்தது. கால் தானாக மிதித்தது. கைப்பிடிக்குப் போடுகிற மாதிரியே சதுரமும் குறுக்குமாகத் தைத்து, மேலே தையலை மூடுகிற தோல் பட்டையான பைப்பிங்கும் ஓட்டினார். அழகான தையல். எங்களில் யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு பிளேடை எடுத்துப் பைப்பிங்கைப் பிரித்தார். உள்ளே, தோல் நாலு மடிப்பாகத் தடிக்கிற இடத்தில், இரண்டு தையல் விழாமலே தாண்டிப் போயிருந்தது. மேலே பைப்பிங் மூடிவிடுவதால் செக்கிங்கில் தெரியாது. கனம் ஏறினால்தான் பிய்யும்.

விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு தோளை ஆட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ அஸ்ரினு, ஏத்து. ஷாகுல் ஹமீது, ஒரு பை, ஒரு தப்பு. நூத்துக்கு நூறு. என்னையும் ஒட்டுற மேசைக்கு மாத்திரு."

"உங்களுக்குக் கண்ணு கொறைஞ்சிருக்கும் பாய்" என்றார் அய்யாத்துரை அண்ணன்.

நாங்கள் எல்லோரும் சிரித்ததில் கீழே மாவு மில்லில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பாய் எழுந்து, அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தானே நான்காக மடித்து ஸ்டூலில் போட்டார்.  

மறுநாள் மெக்கானிக் வந்து பிரித்ததில், நூலைப் பிடித்து இழுக்கிற ஷட்டிலின் முனை தேய்ந்திருந்தது. அந்த மெஷினில் தைத்து இன்னும் அனுப்பாமல் இருந்த பைகளின் கைப்பிடித் தையல் எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துத் திரும்பப் போட்டோம். அஸ்ரின் அந்த டேபிளையே கம்பெனிக்கு அனுப்பினாள். கீழே இரண்டே வரி: தப்பு மெஷினில், ஷட்டில் மாற்றியாகிவிட்டது. 'இந்த மாதிரி அனாலிசிஸ் பெரிய ஃபேக்டரியில்கூடத் தருவதில்லை, யார் செய்தது' என்று அங்கிருந்து கேட்டார்களாம். பாய் அதை ஏணிப்படியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆர்டரும் வந்தது.

ஊருக்குப் போகிறவர் பெயரில் தைப்பதைப் பாய் நிறுத்தவில்லை. "செய்யிறத வெளியில தெரியச் செய்யுங்க, எனக்கு இந்த ஒளிவுமறைவு பிடிக்காது" என்று மட்டும் முணுமுணுத்தார். அதற்காக அஸ்ரின் டேக்கில் இரண்டு இடம் விட்டாள். தைத்தவர் என்று ஒன்று, யாருக்காக என்று ஒன்று. கூலி இரண்டாவது பெயருக்கு. மெஷின் நம்பரும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், வேலை முடிந்ததும் அவள் இந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட்டுக் காட்டுவாள். யார் யாருக்காக எவ்வளவு தைத்தார்கள் என்பது ஒரு ஜமுக்காளம் மாதிரி விரியும். வேலையெல்லாம் முடிந்தும் அதை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும்தான்.

"அண்ணே, தைத்தவர்ல உங்க பேரு எல்லாருக்கு நேராவும் இருக்கு" என்றாள் ஒருநாள். "யாருக்காகங்கிற பக்கம் நீங்க வரவே இல்ல. கணக்கு இருந்தாத்தான் பேரு வரும். நீங்க ஊருக்கே போறதில்லையா?"

"போய் என்ன செய்ய? அங்க யாரு இருக்கா?" என்றேன். 

ஜூலை மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அறையில் படுத்துக் கிடந்தேன். முதல் நாள் மாடத்தி அக்கா கஞ்சி கொண்டு வந்து வைத்து, சாப்பிடாவிட்டால் மூக்கைப் பிடித்து ஊற்றுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அஸ்ரினிடமிருந்து ஒரு படம் வந்தது. அவளுடைய டேபிள். யாருக்காக என்ற பக்கத்தில் புதிதாக ஒரு பெயர் முளைத்திருந்தது. அதற்கு நேரே ஐந்து பேரும் இருந்தார்கள். நான் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு இன்னும் பெரிதாக்கினேன். அன்று டேக்கை யார் வாசித்தார்கள் என்று கேட்டு அனுப்பினேன். தானே எழுத்துக் கூட்டி வாசித்ததாகப் பதில் வந்தது.

காய்ச்சல் விட்டுப் பட்டறைக்குப் போனபோது அய்யாத்துரை அண்ணன் தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டே சொன்னார்.

"வாரும்வே. ஒம்ம மெஷினு சீட்டு என்னவே இப்படி ஆடுது? இதுல உக்காந்தா எப்படித் தைக்கீரு? ஒரு பை லேசாக் கோணிப்போச்சு. திரும்பி வந்தா நீருதான் பொறுப்பு, ஆமா."